"லேசா டைபாய்டு" என்று ஒரு நோய் உண்டா? வயிற்றுக் கிருமிகளுக்கான உடனடிச் சோதனைகள் பற்றி

அக்கா போன் செய்தாள். பையனுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல், நேற்றிலிருந்து இரண்டு தடவை வயிற்றால் போயிருக்கிறது. தெருமுனை லேபில் ரத்தம் எடுத்து, அரை மணி நேரத்தில் ரிப்போர்ட்டும் கையில் கொடுத்துவிட்டார்கள். "லேசா டைபாய்டு இருக்காம்டா. 1:80னு போட்டிருக்கு" என்றாள்.

"லேசா டைபாய்டு" எந்த மருத்துவப் புத்தகத்திலும் கிடையாது. ஆனால் தமிழ்நாட்டில் அது எட்டிப் பார்க்காத வீடு குறைவு. நான் சில வருடம் ஒரு மைக்ரோபயாலஜி லேபில் வேலை பார்த்தவன். கவுன்டரில் ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு "சார், இருக்கா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க" என்று கேட்டவர்களுக்குக் கணக்கே இல்லை. நியாயமான கேள்விதான். சிக்கல் என்னவென்றால், ஒவ்வொரு சோதனையும் வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்கிறது. டைபாய்டு ஆகட்டும், சீதபேதி ஆகட்டும், காலரா ஆகட்டும், வாய் வழியாக உள்ளே போய்க் குடலில் குடியேறும் கிருமிகளுக்கு இன்று பத்து நிமிடத்திலும் ஒரு மணி நேரத்திலும் முடிவு சொல்லும் சோதனைகள் இருக்கின்றன. அவை என்ன கேள்விக்குப் பதில் சொல்கின்றன என்பது தெரியாமல் போவதால்தான் இந்த "லேசா" பிறக்கிறது.

வாசலில் கிடக்கும் செருப்பு

வெளியூர் போய்விட்டுத் திரும்பி வருகிறீர்கள். வீட்டுக்கு யாரோ வந்திருப்பது போலத் தெரிகிறது. யார் என்று கண்டுபிடிக்க என்னென்ன வழி?

உள்ளே போய் ஆளையே பார்த்துவிடலாம். அவ்வளவு தூரம் போகாமல், வாசலில் கிடக்கும் செருப்பைப் பார்த்தே "மாமா வந்திருக்கார்" என்று சொல்லிவிடலாம். மேஜையில் அவர் கைப்பட எழுதிய துண்டுச் சீட்டு ஒன்று கிடந்தால் கையெழுத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாம். இதெல்லாம் வேண்டாம் என்றால் எதிர்வீட்டுப் பாட்டியைக் கேட்கலாம். பாட்டி அடித்துச் சொல்வார்: "உங்க மாமா வந்தாரே, நான்தான் பார்த்தேனே!" இன்றைக்கா, போன தீபாவளிக்கா என்று கேட்டால் மட்டும் பாட்டிக்குக் கொஞ்சம் குழப்பம்.

கிருமியைத் தேடும் வழிகளும் இந்த நான்குதான். ஆளையே பார்ப்பது கல்ச்சர், அதாவது நோயாளியின் மலத்திலோ ரத்தத்திலோ உள்ள கிருமியை வளர்த்துப் பார்ப்பது. செருப்பைப் பார்ப்பது ஆன்டிஜென் சோதனை. கிருமியின் உடம்பில் இருந்து வரும், அதற்கே உரிய அடையாளத் துண்டுக்கு ஆன்டிஜென் என்று பெயர். துண்டுச் சீட்டைப் படிப்பது பிசிஆர். கிருமியின் மரபணு எழுத்தைத் தேடும் முறை. பாட்டியைக் கேட்பது ஆன்டிபாடி சோதனை. ஒரு கிருமியைச் சந்தித்த பிறகு அதை எதிர்க்க நம் உடம்பு தயாரிக்கும் புரதம்தான் ஆன்டிபாடி. கிருமி போன பிறகும் அது ரத்தத்தில் மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கும்.

முதல் மூன்றும் கிருமியைத் தேடுகின்றன. நான்காவது, கிருமியைப் பற்றிய நம் உடம்பின் ஞாபகத்தைத் தேடுகிறது. இந்த ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்த மாதிரி.

உறை ஊற்றிக் காத்திருப்பது

கல்ச்சர் என்ற சொல் மிரட்டலாக இருந்தாலும் காரியம் நம் சமையலறையில் தினமும் நடப்பதுதான். ராத்திரி பாலில் ஒரு ஸ்பூன் மோர் விட்டு மூடி வைத்தால் காலையில் தயிர். அந்த ஒரு ஸ்பூனில் இருந்த பாக்டீரியா பெருகிப் பெருகிப் பாலை உறைய வைத்துவிடுகிறது. லேபில் பாலுக்குப் பதில் பெட்ரி தட்டு என்கிற வட்டத் தட்டு, அதில் ஜெல்லி மாதிரி ஒரு ஊட்டப்பொருள், உடம்புச் சூட்டில் வைத்திருக்கும் ஒரு பெட்டி. அவ்வளவுதான்.

மல மாதிரியில் வேறொரு தொல்லை உண்டு. குடலில் எப்போதும் நூற்றுக்கணக்கான வகைப் பாக்டீரியாக்கள் குடித்தனம் நடத்துகின்றன. பெரும்பாலானவை சாது. அந்தக் கூட்டத்தில் குற்றவாளியை மட்டும் வளரவிட வேண்டும். அதற்காகவே மற்றவை பிழைக்க முடியாதபடி தயாரித்த தட்டுகள் இருக்கின்றன. காலராவுக்கு உள்ள தட்டு கரும்பச்சை நிறம். மாதிரியைத் தீட்டி ராத்திரி வைத்துவிட்டுப் போவோம். மறுநாள் காலை கதவைத் திறந்தால், காலரா கிருமி இருந்தால், அந்தப் பச்சையில் மஞ்சள் மஞ்சளாகப் பொட்டு வைத்தது போல் நிற்கும். பார்க்க அழகாகத்தான் இருக்கும், என்ன செய்வது.

பொட்டு வந்தால் மட்டும் போதாது, அது அதுதானா என்று மேலும் சில சோதனை. அப்புறம் எந்த மருந்துக்குச் சாகிறது என்று பார்க்க இன்னொரு தட்டு. இப்படி இரண்டு மூன்று நாள் ஆகிவிடும். அதற்குள் சாதாரண வயிற்றுப்போக்குக்காரர் குணமாகி ஆபீஸ் போயிருப்பார்.

கல்ச்சருக்குக் கிருமி உயிரோடு வந்து சேர வேண்டும் என்பது இன்னொரு கஷ்டம். மெடிக்கலில் மாத்திரை வாங்கி இரண்டு வேளை போட்டுவிட்டு வந்தால் தட்டு வெறுமையாக இருக்கும். ஒருமுறை ஒரு அம்மா மாதிரியை ஹார்லிக்ஸ் பாட்டிலில் கொண்டுவந்தார். பாட்டில் பளபளவென்று இருந்தது. "டெட்டால் போட்டு நல்லா கழுவித்தான் தம்பி எடுத்தேன்" என்றார் பெருமையாக. அந்தத் தட்டில் எதுவும் முளைக்காமல் போனதில் ஆச்சரியமில்லை. லேபில் கொடுக்கும் ஸ்பூன் வைத்த டப்பாவைச் சும்மா கொடுப்பதில்லை.

வைரஸ்களும் அமீபா போன்ற ஒட்டுண்ணிகளும் இந்தத் தட்டுகளில் வளரவே வளராது. ஒட்டுண்ணிக்கு மைக்ரோஸ்கோப். நாம் "மோஷன் டெஸ்ட்" என்று சொல்வது பெரும்பாலும் அதுதான். ஒரு துளியைக் கண்ணாடியில் வைத்துப் புழு முட்டை, அமீபா, ரத்த அணு, சீழ் அணு இருக்கிறதா என்று பார்ப்பது. விலை குறைவு, வேகமும் உண்டு, பார்ப்பவரின் கண்ணும் பொறுமையும் நன்றாக இருக்கும்வரை.

கோட்டில் இருப்பது தங்கம்

கோவிட் காலத்தில் மூக்கில் குச்சி விட்டு, அட்டையில் நாலு சொட்டு விட்டு, ஒரு கோடா இரண்டு கோடா என்று பார்த்தோமே, அதே தொழில்நுட்பம்தான் வயிற்றுக் கிருமிக்கும். கர்ப்பம் பார்க்கும் அட்டையும் அதே இனம். காலராவுக்கு உண்டு. குழந்தைகளுக்கு வாந்தி, பேதி கொண்டுவரும் ரோட்டா வைரஸுக்கு உண்டு. இரைப்பைப் புண்ணுக்குக் காரணமான ஹெலிகோபாக்டர் பைலோரி என்கிற கிருமிக்கும் உண்டு.

அட்டைக்குள் இருப்பது ஒரு மெல்லிய காகிதப் பட்டை. ஒரு முனையில் விட்ட திரவம், வேட்டி நுனி தண்ணீரில் பட்டால் ஈரம் மேலே ஏறுவது போல, தானாக ஊறி ஏறுகிறது. வழியில் மிக நுண்ணிய தங்கத் துகள்கள் காத்திருக்கின்றன. ஆமாம், தங்கம்தான். அவ்வளவு பொடியாக்கிவிட்டால் தங்கம் மஞ்சளாக இருக்காது, சிவப்பாகத் தெரியும். ஒவ்வொரு துகளிலும் தேடுகிற கிருமியின் ஆன்டிஜெனைப் பிடிக்கும் ஆன்டிபாடி ஒட்டப்பட்டிருக்கும். இது லேபில் தயாரித்தது, நோயாளியுடையது அல்ல. ஆன்டிஜென் வந்தால் துகள் அதைப் பிடித்துக்கொண்டு மேலே நகரும். பட்டையின் நடுவில் ஒரு கோட்டில் இன்னொரு ஆன்டிபாடி வரிசையாக நின்று, வந்ததை மறித்து நிறுத்தும். தங்கம் அங்கே கூட்டமாகச் சேரும்போது கண்ணுக்குச் சிவப்புக் கோடு தெரிகிறது. இன்னும் மேலே இருக்கும் இரண்டாவது கோடு, திரவம் கடைசிவரை ஒழுங்காக ஏறியதா என்று காட்டுவதற்கு. அது வரவில்லை என்றால் அட்டை கெட்டுவிட்டது, தூக்கிப் போட வேண்டியதுதான்.

கரன்ட் வேண்டாம், மெஷின் வேண்டாம், பத்து இருபது நிமிடம் போதும். கிராமத்துச் சுகாதார நிலையத்தில் டியூப்லைட் வெளிச்சத்தில் படித்துவிடலாம். கிருமி செத்திருந்தாலும் அதன் துண்டு கிடைத்தால் போதும். குறை என்னவென்றால், கோடு தெரிய ஓரளவு கூட்டம் சேர வேண்டும். கிருமி குறைவாக இருந்தால் கோடு வராது. எந்த மருந்து கேட்கும் என்பதையும் அட்டை சொல்லாது.

ஜெராக்ஸ் கடை

பிசிஆர் முறையை 1983இல் கேரி மல்லிஸ் என்ற அமெரிக்கர் யோசித்துக் கண்டுபிடித்தார், 1993இல் நோபல் பரிசு வாங்கினார். ஒரு கண்டிஷனோடு வேலை செய்யும் ஜெராக்ஸ் மெஷினை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு மூட்டைக் காகிதத்தை உள்ளே கொட்டலாம். நாம் சொல்லிக் கொடுத்த முதல் வரியும் கடைசி வரியும் எந்தத் தாளில் இருக்கிறதோ அதை மட்டும் அது நகல் எடுக்கும். ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும், நான்கு எட்டாகும். முப்பது சுற்று முடிந்தால் ஒரே ஒரு தாள் நூறு கோடி நகலைத் தாண்டிவிடும். அந்தத் தாள் மூட்டையில் இல்லவே இல்லை என்றால் மெஷின் சும்மா நிற்கும்.

இதையே பல கிருமிகளுக்குச் சேர்த்து ஒரே டப்பாவில் செய்வதைப் பேனல் என்கிறார்கள். அமெரிக்காவில் 2014இல் அனுமதி பெற்ற ஒரு வயிற்றுக் கிருமிப் பேனல், பாக்டீரியா, வைரஸ், ஒட்டுண்ணி என்று 22 பேரை ஒரே மாதிரியில் சுமார் ஒரு மணி நேரத்தில் தேடுகிறது. நம் ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரிகளிலும் இப்படிப்பட்டவை வந்துவிட்டன. பில் பல ஆயிரம் ரூபாய் வரும்.

இதுவரை வந்ததைச் சுருக்கிக்கொள்வோம். கல்ச்சர் மெதுவானது, உயிருள்ள கிருமி வேண்டும், ஆனால் எந்த மருந்து கேட்கும் என்பதையும் சொல்லும். அட்டை வேகமானது, மலிவானது, ஒன்று அல்லது இரண்டு கிருமியை மட்டும் தேடும். பிசிஆர் பேனல் வேகமானது, கூர்மையானது, விலை அதிகம். இதில் எது "சிறந்த டெஸ்ட்" என்று கேட்பது, அரிவாள்மணை நல்லதா அம்மி நல்லதா என்று கேட்பது மாதிரி.

பாசிட்டிவ் வந்தால் நோய் வந்துவிட்டதா?

இங்கேதான் படித்தவர்களும் தடுக்கி விழுகிறார்கள். பிசிஆர் கூர்மையானது என்று சொன்னேன். அந்தக் கூர்மையே சில நேரம் வம்பு. மூட்டையில் ஒரு கிழிந்த பழைய தாள் கிடந்தாலும் நூறு கோடி ஆக்கிவிடும். போன வாரம் செத்துப்போன கிருமியின் மிச்சமும் அதற்கு ஒன்றுதான், இப்போது குடலைப் புண்ணாக்கிக்கொண்டிருக்கும் கிருமியும் ஒன்றுதான்.

போதாக்குறைக்கு நம் நாட்டில் நோயே இல்லாமல் கிருமியைச் சுமப்பவர்கள் ஏராளம். எட்டு நாடுகளில் குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து தொடர்ந்து கவனித்த மால்-எட் என்ற பெரிய ஆய்வு ஒன்று நடந்தது. அதில் இந்தியாவின் இடம் நம் வேலூர். கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி அங்குள்ள நெருக்கமான குடியிருப்புகளில் நடத்தியது. வயிற்றுப்போக்கு இருக்கும்போது மட்டும் மலத்தைச் சோதித்தால் போதாது என்று, குழந்தை நன்றாக விளையாடிக்கொண்டிருக்கும் நாட்களிலும் மாதாமாதம் எடுத்துச் சோதித்தார்கள். 2015இல் முடிவு வந்தது. எட்டு நாடுகளையும் சேர்த்துப் பார்த்ததில், வயிற்றுப்போக்கே இல்லாத நாட்களில் எடுத்த மாதிரிகளிலும் பாதிக்கு மேல் ஏதாவது ஒரு வயிற்றுக் கிருமி இருந்தது. அப்படிப்பட்ட ஒரு குழந்தைக்குக் காதுவலிக் காய்ச்சல் வந்து, யாரோ ஆர்வக்கோளாறில் பேனல் போட்டால் "பாசிட்டிவ்" வரும். பழி வயிற்றின் மேல் விழும், காதை யாரும் பார்க்க மாட்டார்கள்.

இதில் இரண்டு சொல்லைத் தெரிந்துகொள்வது நல்லது. நோய் உள்ளவர்களில் எத்தனை பேரைச் சோதனை சரியாகப் பிடிக்கிறது என்பது அதன் உணர்திறன். நோய் இல்லாதவர்களில் எத்தனை பேரைச் சரியாக "இல்லை" என்று விட்டுவிடுகிறது என்பது அதன் துல்லியத் தேர்வு. எல்லாரையும் பார்த்துக் குரைக்கும் தெருநாய்க்கு உணர்திறன் அபாரம், திருடன் தப்பவே முடியாது. பால்காரரும் தபால்காரரும்தான் பாவம்.

ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். ஒரு சோதனைக்கு உணர்திறன் 90 சதவீதம், துல்லியத் தேர்வு 95 சதவீதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. 1000 பேரில் 10 பேருக்கு மட்டுமே நோய் உள்ள ஊரில் எல்லாரையும் சோதிக்கிறோம். 10 பேரில் 9 பேர் பிடிபடுவார்கள். நோயில்லாத 990 பேரில் 5 சதவீதம், அதாவது கிட்டத்தட்ட 50 பேரும் சேர்ந்து பிடிபடுவார்கள். பாசிட்டிவ் வந்த 59 பேரில் உண்மையான நோயாளி 9 பேர்தான். அதே சோதனையை, 1000 பேரில் 400 பேருக்கு நோய் பரவியிருக்கும் ஊருக்குக் கொண்டுபோனால் 360 பேர் சரியாகப் பிடிபடுவார்கள், தவறாக 30 பேர். சோதனை மாறவில்லை, ஊர்தான் மாறியது. யாருக்கு, எந்த அறிகுறிக்கு, எந்த நேரத்தில் செய்தோம் என்பதைச் சேர்க்காமல் ரிப்போர்ட்டை மட்டும் படிக்கவே முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

நீர்மோர்க் கணக்கு

அக்கா மகனின் 1:80க்கு வருவோம். அவனுக்கு எடுத்தது விடால் சோதனை. பிரெஞ்சு மருத்துவர் விடால் 1896இல் கொண்டுவந்தது. அது எதிர்வீட்டுப் பாட்டியைக் கேட்கும் வகை. ரத்தத்தில் டைபாய்டு கிருமிக்கு எதிரான ஆன்டிபாடி இருக்கிறதா என்று பார்க்கிறது.

1:80 என்றால் என்ன? மோரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போகிறோம். 20 மடங்கு, 40 மடங்கு, 80 மடங்கு. எதுவரை மோர் ருசி தெரிகிறது என்று பார்க்கிறோம். கெட்டி மோர் என்றால் வெகுதூரம் தாங்கும். அதே மாதிரி ரத்தத்தின் தெளிந்த நீரை நீர்த்துப்போகச் செய்துகொண்டே போய், எதுவரை அது டைபாய்டு கிருமியின் கலவையைத் திரிதிரியாகத் திரளவைக்கிறது என்று பார்ப்பது. 80 மடங்கு நீர்த்த பிறகும் திரண்டால் 1:80.

டைபாய்டு அடிக்கடி உலவும் நம் ஊரில், எப்போதோ வந்து போனது, தடுப்பூசி, டைபாய்டின் பங்காளிக் கிருமிகள் என்று பல காரணங்களால் ஆரோக்கியமாக நடமாடுகிற பலரிடமும் 1:80 இருக்கும். எனக்குப் பார்த்தாலும் இருக்கலாம், உங்களுக்கும். இன்னொரு பக்கம், உண்மையிலேயே டைபாய்டு வந்தவருக்கு முதல் வாரத்தில் ஆன்டிபாடி ஏறியே இருக்காது, விடால் நெகட்டிவ் வரும். இருப்பவரை விட்டுவிட்டு இல்லாதவரைப் பிடிக்கும் வாய்ப்பு இரண்டு பக்கமும் உண்டு. ஒழுங்காகச் செய்வதென்றால் ஒரு வாரம், பத்து நாள் விட்டு மறுபடி எடுத்து, அளவு நான்கு மடங்கு ஏறியதா என்று பார்க்க வேண்டும். அத்தனை நாள் யார் காத்திருப்பார்கள்?

டைபாய்டுக்கு இன்றும் நம்பத்தக்கது, ஆன்டிபயாட்டிக் தொடங்கும் முன் எடுக்கும் ரத்தக் கல்ச்சர்தான். அதுவும் பத்தில் ஆறு பேரைத்தான் பிடிக்கும் என்பது அதன் குறை. ஆனால் பிடித்துவிட்டால் சந்தேகமில்லை, எந்த மருந்து கேட்கும் என்பதும் தெரிந்துவிடும். பல பழைய மருந்துகளுக்கு டைபாய்டு கிருமி இப்போது அசைவதே இல்லை என்பதால் இந்தத் தகவல் பெரிய விஷயம்.

இதே கதை இரைப்பைப் புண் கிருமிக்கும் உண்டு. ஹெலிகோபாக்டருக்கு ரத்தத்தில் ஆன்டிபாடி பார்த்தால், மருந்து சாப்பிட்டுக் கிருமி ஒழிந்த பிறகும் நெடுநாள் பாசிட்டிவ் காட்டிக்கொண்டே இருக்கும். "இன்னும் போகலையே" என்று மறுபடி மருந்து சாப்பிட்டவர்களை எனக்குத் தெரியும். இப்போது இருக்கிறதா என்று தெரிய மலத்தில் ஆன்டிஜென் பார்க்க வேண்டும், அல்லது மூச்சுக்காற்றுச் சோதனை செய்ய வேண்டும்.

சீக்கிரம் தெரிந்தால் என்ன மாறும்?

சரி, அப்படியானால் இந்த வேகத்துக்கு மதிப்பே இல்லையா? உண்டு, நிறையவே உண்டு. பதில் வந்தபின் செய்யும் காரியம் மாறுகிற இடத்தில் உண்டு.

ஒரு வயதுக் குழந்தைக்குத் தண்ணீராகப் பேதி, ரத்தம் இல்லை, சுறுசுறுப்பாக இருக்கிறது. ரோட்டா வைரஸா, வேறு வைரஸா, பாக்டீரியாவா, எது என்று தெரிந்தாலும் வைத்தியம் ஒன்றுதான்: ஓஆர்எஸ் பொடியை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பது, 14 நாள் ஜிங்க், தாய்ப்பாலும் சாப்பாடும் நிறுத்தாமல். இங்கே பேனல் போடுவது காசைக் கரைப்பது. அதேபோல் மெடிக்கலில் கேட்டவுடன் கிடைக்கும் ஓஃப்ளாக்சசின், ஆர்னிடசோல் கூட்டு மாத்திரையும் பெரும்பாலான பேதிக்குத் தேவையில்லை. குழந்தை சோர்ந்து படுத்துவிட்டால், கண் உள்வாங்கினால், சிறுநீர் போகாவிட்டால், எதைக் கொடுத்தாலும் குடிக்காவிட்டால் எந்த ரிப்போர்ட்டுக்கும் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

மலத்தில் ரத்தம் வந்தால் கணக்கு வேறு. சீதபேதியைக் கொண்டுவரும் ஷிகெல்லா பாக்டீரியா என்றால் ஆன்டிபயாட்டிக் வேண்டும். அமீபா என்றால் அந்த மருந்து உதவாது, இன்னொன்று. ஷிகா நஞ்சைக் கக்கும் ஒருவகை ஈ.கோலை பாக்டீரியா என்றால் ஆன்டிபயாட்டிக்கைத் தவிர்ப்பதே வழக்கம், ஏனென்றால் சில மருந்துகள் கிருமியை இன்னும் அதிக நஞ்சைக் கக்க வைக்கலாம், சிறுநீரகம் பழுதாகலாம். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் மூன்று நோயாளிகள், மூன்று வேறு வைத்தியம். இங்கே மூன்று நாளுக்கும் ஒரு மணி நேரத்துக்கும் உள்ள வித்தியாசம் பெரியது. புற்றுநோய் மருந்தோ உறுப்பு மாற்றமோ காரணமாக எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும் இப்படித்தான். ஆஸ்பத்திரி வார்டில் ஒருவருக்குப் பேதி என்றால், அடுத்த கட்டிலுக்குப் பரவும் கிருமியா என்று தெரிந்தால் தனி அறைக்கு மாற்றலாம். ஹாஸ்டல் மெஸ்ஸில் சமைப்பவருக்கு என்றால் லீவு கொடுக்கலாம்.

வேகம் மட்டும் இருந்து கேள்வி தவறாகப் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு வெள்ளரிக்காய்க் கதை உண்டு. 2011 மே மாதம் ஜெர்மனியில் மேலே சொன்ன ஷிகா நஞ்சு ஈ.கோலை பரவியது. சுமார் 3,800 பேர் நோயுற்றார்கள், 50க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். ஹாம்பர்க் அதிகாரிகள் சந்தைக் காய்கறிகளைச் சோதித்தபோது ஸ்பெயினிலிருந்து வந்த வெள்ளரிக்காயில் அந்த நஞ்சு ஈ.கோலை கிடைத்தது. உடனே அறிவித்துவிட்டார்கள். ஐரோப்பா முழுக்க ஸ்பெயின் காய்கறியை வாங்க ஆளில்லை, விவசாயிகள் லோடு லோடாகக் கொட்டினார்கள். சில நாளில் இன்னும் நுணுக்கமான சோதனை முடிவு வந்தது: வெள்ளரியில் இருந்தது வேறு ரகம், மக்களைக் கொன்றது வேறு ரகம். கடைசியில் மாட்டியது எது தெரியுமா? எகிப்திலிருந்து வந்த வெந்தயத்தை முளைகட்டி சாலடில் போட்டுத் தின்றது. "நஞ்சு ஈ.கோலை இருக்கிறதா?" என்ற கேள்விக்கு வெள்ளரிக்காய் சொன்ன பதில் உண்மை. கேட்டிருக்க வேண்டியது "இதே ரகமா?" என்று.

வாந்திபேதியும் இரண்டு கோடுகளும்

"பேதியில போக" என்று வைவதில் இருப்பது பழைய காலராப் பயம். நன்றாக இருந்தவர் ஒரு பகலுக்குள் வற்றிப்போய் இறக்கக்கூடிய நோய். ஆனால் இழந்த நீரை உடனே ஏற்றிவிட்டால் நூற்றுக்கு ஒருவர்கூடச் சாக வேண்டியதில்லை. அந்த நீரை ஏற்றுவதற்கு எந்தச் சோதனையும் தேவையில்லை. அப்புறம் அட்டை எதற்கு?

நோயாளிக்காக இல்லை, ஊருக்காக. ஒரு சுகாதார நிலையத்தில் திடீரென்று பத்துப் பேர் வாந்திபேதியோடு வருகிறார்கள். கெட்டுப்போன கல்யாணச் சாப்பாடாக இருக்கலாம். காலராவாக இருந்தால் ஊர்க் குடிநீரில் கழிவுநீர் கலந்திருக்கிறது என்று அர்த்தம், இன்றே குழாயை அடைக்க வேண்டும், லாரித் தண்ணீர் விட வேண்டும், குளோரின் போட வேண்டும். பத்துப் பேரில் பலருக்குக் கோடு வந்தால், ஒன்றிரண்டு தவறாக இருந்தாலும் பரவாயில்லை, எச்சரிக்கை மணி அடிக்கலாம். உறுதி செய்யச் சில மாதிரிகளைக் கல்ச்சருக்கோ பிசிஆருக்கோ அனுப்பிவிட்டு, முடிவு வரும் முன்பே பைப் வேலையைத் தொடங்கலாம். 2024இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும், ஏழை நாடுகளுக்குத் தடுப்பூசி கிடைக்க உதவும் காவி (Gavi) என்ற அமைப்பும் மலாவி தொடங்கிப் பல நாடுகளுக்கு லட்சக்கணக்கில் இந்த அட்டைகளை அனுப்பத் தொடங்கியதும் இதற்காகத்தான். நம் பக்கத்தில் 2022 ஜூலையில் காரைக்காலில் பேதி நோயாளிகள் குவிந்து, சிலருக்குக் காலரா என்று உறுதியானதும் பொதுச் சுகாதார அவசரநிலை அறிவித்துப் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். காலரா என்ற ஒரு சொல் ஊரையே அசைக்கும் வேகம் அது.

காலரா அட்டைகளில் பரவலாகப் பயன்படும், சூரத்தில் தயாரான ஒன்றில் சரிபார்க்கும் கோடு போக இரண்டு கோடுகள் இருக்கும். ஒன்று ஓ1 என்ற ரகத்துக்கு, இன்னொன்று ஓ139க்கு. இரண்டாவது கோட்டுக்கும் சென்னைக்கும் சம்பந்தம் உண்டு. 1992 வரை ஊரைச் சூறையாடும் காலரா என்றால் ஓ1 மட்டும்தான் என்று உலகம் நம்பிக்கொண்டிருந்தது. அந்த வருடக் கடைசியில் அப்போதைய மெட்ராஸில் அசல் காலரா போலவே ஒரு நோய் பரவியது. கல்ச்சரில் காலரா கிருமிதான் வளர்ந்தது. ஆனால் ஓ1ஐக் கண்டுபிடிக்கும் சோதனைப்பொருளைச் சேர்த்தால் திரளவில்லை. புது ரகம் என்று பிறகுதான் புரிந்தது. அன்றைக்கு ஓ1 மட்டும் தேடும் அட்டை ஒன்று கையில் இருந்திருந்தால், பத்து நிமிடத்தில், பளிச்சென்று, "நெகட்டிவ்" என்றிருக்கும்.

கவுன்டருக்குப் போகும் முன்

அக்காவிடம் நான் ரிப்போர்ட்டைப் பற்றி அதிகம் பேசவில்லை. மருந்து தொடங்கும் முன் ரத்தக் கல்ச்சர் எடுக்க முடியுமா என்று டாக்டரிடம் கேட்கச் சொன்னேன். எடுத்தார்கள். ஐந்தாம் நாள் வரை எதுவும் வளரவில்லை. அதற்கு முன்பே, நான்காம் நாளில் காய்ச்சல் விட்டுப் பையன் பிரியாணி கேட்க ஆரம்பித்துவிட்டான். என்ன காய்ச்சல் என்று கடைசிவரை தெரியவில்லை. ஏதோ வைரஸ் என்று டாக்டர் சொன்னார், இருக்கும்.

மூன்று மாதம் கழித்து அவனுக்கு மறுபடி பேதி. இந்தமுறை வேறொரு டாக்டர், சீட்டில் வயிற்றுக் கிருமிப் பேனல் என்று எழுதியிருந்தார். அக்கா சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாளாம்: "இது பாசிட்டிவ் வந்தா என்ன மருந்து குடுப்பீங்க டாக்டர்? நெகட்டிவ் வந்தா என்ன குடுப்பீங்க?" டாக்டர் பையனின் நாக்கைப் பார்த்தார், வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், மலத்தில் ரத்தம் உண்டா என்று இன்னொரு தடவை கேட்டார். "ரெண்டுக்கும் ஓஆர்எஸ்தான்மா" என்று சொல்லி, சீட்டைத் திரும்ப வாங்கி அந்த ஒரு வரியை அடித்துவிட்டுக் கொடுத்தாராம்.